மூக்கர் தட்டிய வண்டிகள்

அந்தத் தெருவில் பதினாறு ஒர்க்‌ஷாப்கள் இருந்தன. பதினைந்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. பதினாறாவதற்குப் பலகையும் கிடையாது, அதற்கு அவசியமும் இல்லை. "மூக்கர் ஷெட் எது?" என்று கேட்டால் தெருமுனையில் டயருக்குக் காற்றடிப்பவர் குனிந்த தலையை நிமிர்த்தாமலே கையைக் காட்டுவார்.

மூக்கருடைய மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. பார்க்கப்போனால் சற்றே சப்பை. ஆனால் அது செய்யும் வேலையை எந்தக் கருவியும் செய்யாது என்பது ஓட்டுநர்களின் கட்சி. வண்டி வந்து நிற்கும். ஓட்டுநர் குறையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மூக்கர் கையை உயர்த்தி அடக்குவார். கண்ணை மூடிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். "கிளட்ச் கருகியிருக்கு. மேட்டுல அரை கிளட்ச்லயே நின்னிருக்கே, இல்ல?" என்பார். ஓட்டுநர் தலையைச் சொறிவார். ரேடியேட்டர் ஒழுகினால் ஓர் இனிப்பு வாடை, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் ஒரு காந்தல், பெட்ரோல் கசிந்தால் ஒன்று, எரியாமல் புகையோடு வந்தால் வேறொன்று. இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் சொல்லிக்கொள்வார். கேட்பவர் கொட்டாவி விடும்வரை சொல்லிக்கொள்வார்.

வேலை முடிந்த வண்டியையும் அவர் சும்மா அனுப்புவதில்லை. கடைசியாக ஒரு முறை சுற்றி வந்து மோந்து பார்ப்பார். பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு விழாமல் யாரும் சாவியைத் திருப்பியதில்லை. "மூக்கர் தட்டிட்டாரா?" என்று ஓட்டுநர்களின் வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள். தட்டிவிட்டார் என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். எழுந்து ஷெட்டுக்கு வந்த முதல் நாள், கை கழுவ மூலையில் இருந்த டின்னைச் சாய்த்தார். தண்ணீர் என்றுதான் நினைத்தார். கை சில்லென்று குளிர்ந்தது, குளிர்ந்த வேகத்தில் காய்ந்தும் போனது. தண்ணீர் அப்படிக் காயாது, பெட்ரோல்தான் காயும். டின்னை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. மூக்கை டின்னின் வாயிலேயே வைத்து இழுத்தார். காற்று போனது, காற்று வந்தது, அவ்வளவுதான். அங்கே கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரிடம் போனார். "சிலருக்கு ஒரு மாசத்துல திரும்பும். சிலருக்கு வருஷமாகும். சிலருக்கு..." என்று டாக்டர் கையை விரித்தார். மூக்கர் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், வீட்டுக்கு வரும் வழியில் கிழித்துப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பாடகருக்குத் தொண்டை கட்டினால் ஊரே அனுதாபப்படும். மூக்கருக்கு மூக்கு செத்தால் ஊர் சிரிக்கும் என்று அவருக்குப் பட்டது. இதில் பாதி உண்மை, பாதி திமிர். திமிர்தான் பெரிய பாதி.

வீட்டில் ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகியது. மூக்கர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, குத்துக்கல்லாட்டம் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க! மாடி வரைக்கும் வருது, உங்களுக்குத் தெரியலையா?"

"படிக்கிற கவனத்துல விட்டுட்டேன்."

மனைவி துணியால் பாத்திரத்தை இறக்கிவைத்தாள். மூன்று தெரு தள்ளி ரப்பர் எரிந்தால் சொல்லிவிடுகிற மனிதர் இவர். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஷெட்டில் நடிப்பு தொடங்கியது. வண்டி வந்தால் வழக்கம்போலக் கையை உயர்த்தினார், கண்ணை மூடினார், சுற்றினார். பிறகு கண்ணாலும் விரலாலும் தேடிக் குறையைக் கண்டுபிடித்து, மோந்து பிடித்ததுபோலச் சொன்னார். நாற்பது வருட அனுபவம் கைகொடுத்தது. ஏழு வாரம் ஓடியது, ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை. மூக்கு இல்லாமலே மூக்கராக இருக்கலாம் போலிருக்கிறதே என்று அவருக்குத் துணிச்சல்கூட வந்துவிட்டது. பட்டால்தான் தெரியும் என்பது சிலருக்கு. இவரோ படப்போவது தாம் மட்டும் இல்லை என்பதையே மறந்திருந்தார்.

எட்டாவது வாரம் மச்சினன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மனைவியின் தம்பி. இருபத்தாறு வயதான வேன் அது. அதை வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்தது. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி மடித்தால்தான் வேலை பார்க்க முடியும். அதில் அவன் தினமும் எட்டுப் பெண்களைத் தையல் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறான். எட்டில் ஒருத்தி மூக்கரின் மகள். அவள் உட்காருவது மாமாவுக்குப் பக்கத்தில், முன்சீட்டில், அதாவது இன்ஜினின் மேலேயே.

"அத்தான், வண்டி பெட்ரோலைக் குடிக்குது. ஓடி நின்னா வாசனை வேற. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பணும், பாருங்களேன்."

மூக்கர் கண்ணை மூடி ஒரு சுற்று வந்தார். சீட்டைத் தூக்கினார். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் இருந்தது. அதற்கு வருகிற ரப்பர் ஹோஸ் முனையில் வெடித்து, விரல் வைத்தால் ஈரம் பட்டது. திருடன் கையும் களவுமாகச் சிக்கினான் என்று அவருக்கு மகிழ்ச்சி. "ஹோஸ்தான் மாப்ள. வண்டியோட வயசு அதுக்கும்" என்றார். பழைய ஹோஸை அறுத்தெறிந்து புதியதை மாட்டினார், கிளிப்பை முறுக்கினார், துணியால் எல்லாவற்றையும் ஒற்றித் துடைத்தார். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டார். ஒரு சொட்டு இல்லை.

பிறகு ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். அது அவருடைய வழக்கம். பம்ப்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் உள்வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். குச்சியை மோந்தால் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த வழக்கமே. ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

"ஏன்டா ஆயில் இவ்வளவு ஏறி நிக்குது?"

"போன வாரம் நான்தான் அத்தான் கொஞ்சம் ஊத்தினேன். கை தவறி ஜாஸ்தியாயிடுச்சு போல."

மூக்கர் குச்சியை மூக்கருகே கொண்டுபோனார். மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கர் நெற்றியைச் சுருக்கினார், ஆழமாக இழுத்தார், தலையை ஆட்டினார். கீழே கிடந்த அட்டையில் குச்சியைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினார். இந்த ஒரு காரியத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்லிவிட முடியாது. தெரியவில்லை என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டியைச் சுற்றி வந்து கதவில் இரண்டு தட்டு தட்டினார். மச்சினன் கிளம்பினான்.

முக்கால் மணி நேரம் கழித்து ஷெட்டைப் பெருக்கக் குனிந்தபோது அந்த அட்டை கண்ணில் பட்டது. ஆயில் துடைத்த இடத்தில் விரலகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிய ஈர வட்டம். வெறும் ஆயில் அட்டையில் இப்படி ஓடாது. தன் இடத்திலேயே கெட்டியாக நிற்கும். கூட மெல்லிசாக வேறு எதுவோ கலந்திருந்தால்தான் இப்படிப் பரவும்.

அவர் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பேட்டரிக் கடைக்கு ஓடினார்.

"இதை மோந்து பாருங்க."

கடைக்காரர் வேடிக்கை என்று நினைத்தார். "மூக்கர் என்கிட்ட வந்து கேக்கறாரா! மழை வரப்போவுது" என்று சிரித்தபடி அட்டையை வாங்கினார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னங்க, பெட்ரோல்ல முக்கி எடுத்தீங்களா? எனக்கே ஜலதோஷம். அதையும் மீறி அடிக்குது."

அப்படியானால் சவ்வு கிழிந்திருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் ஐந்து நிமிடத்துக்கு அது காட்டிக்கொடுக்கவில்லை. சூடேறச் சூடேற ரப்பர் இளகிக் கிழிசல் வாய் பிளக்கும். பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக வெளியிலும் சொட்டும். அதற்கு ஒரு முழம் கீழே சைலன்சர் குழாய், கைவைத்தால் தோல் உரிகிற சூட்டில். மணி ஐந்தே முக்கால். கம்பெனி விட்டிருக்கும். மகள் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவனை மிரட்டி வைத்திருந்தவர் இவரேதான். மகளுக்குப் போட்டார். மூன்றாவது முறை எடுத்தாள்.

"அப்பா, வண்டியில வந்துட்டிருக்கேன். வீட்டுக்கு வந்து பேசட்டுமா?"

"பெட்ரோல் வாசனை வருதாம்மா?"

"வருதேப்பா. ஏறினதுல இருந்து வருது. கூட வர்ற காஜா அக்கா இறங்கிடலாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. நான்தான் உக்கார வெச்சிருக்கேன். எங்கப்பா இன்னிக்குத்தான் பார்த்துத் தட்டி அனுப்பியிருக்காரு, பழைய வாசனை சீட்டுல ஒட்டியிருக்கும்னு சொன்னேன்." அவள் சிரித்தாள். "உங்க மூக்குக்குத் தெரியாததா எங்க மூக்குக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

"வண்டியை நிறுத்தச் சொல்லு. எல்லாரும் உடனே இறங்குங்க."

"ஏம்ப்பா?"

"சொல்றதைச் செய்ம்மா!"

போனை ஸ்பீக்கரில் போட்டாள் போலிருக்கிறது. மச்சினனின் குரல் கேட்டது. "அத்தான், இன்னும் ரெண்டே கிலோமீட்டர். இவங்களை இறக்கிவிட்டுட்டு நேரா ஷெட்டுக்கே வந்துடறேன். நீங்க மோந்து பார்த்த வண்டிதானே, அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

"டேய், நான் மோந்தது பொய்டா! ரெண்டு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. மூக்கு செத்துப்போச்சு. நிறுத்துடா!"

பேட்டரிக் கடைக்காரர் அட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். போனில் இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார், அப்போதும் இல்லை.

மூக்கர் பைக்கை எடுத்தார். சிக்னலில் நிற்கவில்லை. பாலத்தின்மேல் ஏறியபோது, அந்தப் பக்கம் சாலை வளைகிற இடத்தில் கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அது என்ன புகை என்று தெரிந்திருந்தது. குப்பையா, துணியா, ரப்பரா என்று மோந்ததும் தெரிந்திருக்கும். இவருக்கு அது வெறும் புகை. கடவுளே, அவளாக இருக்கக்கூடாது, அவளுக்குப் பதில் நான் போகிறேன், அவளாக இருக்கக்கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். வளைவைத் தாண்டினால், யாரோ குப்பைமேட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள்.

வேன் அதற்கு இருநூறு அடி தள்ளி, தீப்பொறி பறந்து வரும் பக்கத்திலேயே நின்றிருந்தது. கதவெல்லாம் திறந்து கிடந்தன, இறங்கிய அவசரத்தில் மகள் விட்ட போன் முன்சீட்டிலேயே கிடந்தது. எட்டுப் பெண்களும் எதிர்ச்சாரியில் ஒரு சுவரோரமாக நின்றிருந்தார்கள். மூக்கர் தலையை எண்ணினார். எட்டு. மறுபடியும் எண்ணினார். மச்சினன் பதற்றத்தில் உதட்டில் ஒரு சிகரெட்டை வைத்துக்கொண்டு பையெல்லாம் தடவிக்கொண்டிருந்தான். அவன் தேடிய தீப்பெட்டி காஜா அக்காவின் கைக்குள் இருந்தது. ஷர்ட்டில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து எடுத்துக் காய்த்துப்போன கை அது, பிடித்தது பிடித்ததுதான்.

"உங்க மச்சினன் புத்திசாலிங்க. பெட்ரோல் ஒழுகுற வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டு நெருப்பு கேக்கறாரு" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

மூக்கர் குனிந்து பார்த்தார். இன்ஜின் நின்ற பிறகும் பம்ப்பின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் சைலன்சர் குழாயில் விழுந்து உஸ் என்று ஆவியாகப் போனது. சுற்றியிருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். அவர் ஒருவர்தான் பொத்தாமல் நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். அருகில் வரவில்லை. "என்னை நம்பித்தானேப்பா இவங்க உக்காந்திருந்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

குழாய் ஆறும்வரை காத்திருந்து, வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி மட்டும், "பால் கருகின அன்னிக்கே கேட்டிருக்கணும். நான் ஒரு மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவரைத் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலையில் முதல் வேலையாக மூக்கர் பம்ப்பைக் கழற்றினார். மகள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கர் பம்ப்பின் மூடியைப் பிரித்தார். உள்ளே இருந்த சவ்வில் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். விரலால் அழுத்தினால் மூடிக்கொண்டது, இழுத்தால் திறந்துகொண்டது. மச்சினன் எட்டிப் பார்த்து, "இத்தனூண்டா?" என்றான்.

பெட்ரோல் கலந்த ஆயில் முழுவதையும் வடித்தார். தண்ணீர்போல இறங்கியது. புது ஆயில், புது ஃபில்டர், புது பம்ப், அதற்கடியில் கசிவைத் தடுக்கப் புது பேக்கிங். இந்த முறை ஐந்து நிமிடத்தில் நிறுத்தவில்லை. முக்கால் மணி நேரம் ஓடவிட்டு இன்ஜினை நன்றாகச் சூடேற்றினார். இணைப்புகளின்மேல் சாக்பீஸ் தூளைத் தடவினார். ஈரம் பட்டால் வெள்ளை கறுக்கும். கறுக்கவில்லை. அடியில் விரித்த அட்டையும் காய்ந்தே கிடந்தது. குச்சியை உருவி மகளிடம் நீட்டினார்.

"நீ பாரும்மா."

அவள் மோந்தாள். "ஆயில் வாசனைதான். வேற இல்லை."

சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தாள், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இல்லப்பா" என்றாள். மூக்கர் மூச்சை விட்டார். நேற்று மாலையிலிருந்து அப்போதுதான் விட்டார் என்று சொல்லலாம். மச்சினன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனபிறகும் மகள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, ரெண்டு மாசம்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா. தப்புதான். யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

"அதைக் கேக்கலை. இந்த ரெண்டு மாசத்துல எத்தனை வண்டியைத் தட்டி அனுப்பினீங்க?"

மூக்கர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். நேற்று மாலையிலிருந்து அவர் நினைத்ததெல்லாம் தன் மகளை, தன் மானத்தை, தன் மூக்கை. தன் வீட்டில் தீ அணைந்தால் போதும் என்று இருந்துவிட்டார். இப்போது ஒவ்வொரு வண்டியாகக் கண்முன் வந்தது. முதல் வாரத்தில் நாலு. அதற்கடுத்த வாரம் ஒரு லாரியும் இரண்டு காரும். அதில் ஒன்றுக்குப் பெட்ரோல் குழாய் மாற்றியது நினைவுக்கு வந்தது. இன்னொன்றுக்கு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர். எல்லாவற்றையும் கடைசியில் மோந்தார். எல்லாவற்றையும் தட்டினார்.

அவர் சொல்லச் சொல்ல மகள் சாக்பீஸால் அட்டையில் எழுதினாள். இருபத்து மூன்றில் வந்து நின்றது. "பெட்ரோல் வேலை பார்த்ததுங்களை முதல்ல கூப்பிடுங்க" என்றாள்.

முதல் ஆள் லாண்டரிக்காரர். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மூக்கரா! சொல்லுங்க, சொல்லுங்க."

"கார்ல பெட்ரோல் வாசனை ஏதாவது வருதுங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க, ஒரு மாசமா இதே ரோதனை. வருது, வருதுன்னு என் சம்சாரம் உயிரை எடுக்கறா. இன்னிக்குக் காலைல கிளம்பும்போதுகூட அதே பாட்டு. மூக்கரே பார்த்துத் தட்டிக் குடுத்த வண்டி, கோளாறு உன் மூக்குலதான்னு சொல்லி அனுப்பிவெச்சேன்."

"எங்க அனுப்பிவெச்சீங்க?"

"அதே காரை அவளே ஓட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்கு. பிள்ளைங்க மூணும் கூடப் போயிருக்கு. ஒன்பதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ணியிருக்கணும்..."

மகள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது.

"இன்னும் பண்ணலை. ஏன் கேக்கறீங்க, மூக்கரே?" என்றார் லாண்டரிக்காரர்.